ஹுலிகவ்வா வளர்த்த இடி

ஹுலிகவ்வா என் நாத்தனார். என் கணவர் யமனப்பாவுக்கு அடுத்துப் பிறந்தவள். அவளுக்குப் பதினோரு வயது நடந்தபோது, எங்கள் ஆட்டுக்கிடை துங்கபத்திரைக் கரையில் இருந்த ஒரு குளிர்காலத்தில், காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் கழித்துக் காய்ச்சல் போனது. போகும்போது அவளுடைய இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. நான் அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தது அதற்கு எட்டு வருடம் கழித்து. அதனால் என் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

கல்யாணமான புதிதில், நான் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது, என் மோவாயைப் பிடித்துத் திருப்பிக் கேட்டாள்.

“நீலவ்வா அண்ணி, உன் குரல் யாரு மாதிரி இருக்கும்?”

“உங்க அண்ணனைக் கேளு” என்றேன், உதடு தெரிகிற மாதிரி மெதுவாக.

“கேட்டேனே. ஈயச் சொம்பைக் கல்லுல தேய்ச்ச மாதிரின்னான்.”

அவள் அதைச் சொன்னது கிடை முழுக்கக் கேட்டது. தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியாது. ரகசியம் சொன்னாலும் ஊருக்குத் தண்டோரா போட்ட மாதிரிதான் இருக்கும். அன்றைக்கு யமனப்பா ரொட்டி சாப்பிட என் பக்கம் வரவே இல்லை.

இருபது வயதில் அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். கொப்பள் ஊருக்கு அந்தப் பக்கம், நல்ல மந்தை உள்ள குடும்பம். எட்டாவது மாதம், தோளில் ஒரு கம்பளியும் கையில் ஒரு கோலுமாகத் தனியாக நடந்தே திரும்பி வந்துவிட்டாள். அடித்தார்களா, பட்டினி போட்டார்களா என்று எல்லோரும் கேட்டோம். “ஒண்ணும் பண்ணல” என்றாள். “என் முகத்தைப் பார்த்து யாருமே பேச மாட்டேங்கறாங்க. முதுகைக் காட்டிட்டுப் பேசறாங்க. அப்புறம் செவிடு, செவிடுன்னு சிரிக்கறாங்க. உதடு சிரிக்கறது எனக்குத் தெரியாதா?” அவ்வளவுதான். சமாதானம் பேச வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள், போகவில்லை.

என் மாமனார் சாகும்போது முப்பது ஆடு மகள் ஹுலிகிக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த முப்பதும் யமனப்பாவின் மந்தையோடுதான் மேய்ந்தன. அவள் கேட்காமலும் இல்லை. வருடத்துக்கு ஒருதரம் கேட்பாள்.

“என் ஆட்டைப் பிரிச்சுக் கொடு அண்ணா. நான் மேய்ச்சுக்கறேன்.”

“ஓநாய் வந்தா எப்படித் தெரியும் உனக்கு? ஆடு கத்துறது கேட்குமா? நாய் குலைக்கறது கேட்குமா?”

கோலைத் தரையில் ஊன்றியபடி நிற்பாள், பிறகு குட்டிகளிடம் போய்விடுவாள். குட்டி பார்ப்பதுதான் அவள் வேலை. மந்தை காலையில் மேயப் போன பிறகு, பால்குடி மாறாத குட்டிகளை வலைக்குள் அடைத்து, நோவு பார்த்து, தழை போட்டு, சாயங்காலம் ஒவ்வொன்றையும் அதனதன் தாயிடம் விடுவது. நூறு குட்டியில் எது எந்த ஆட்டுடையது என்று முகத்தைப் பார்த்தே சொல்வாள். நாங்கள் கத்தலைக் கேட்டுத்தான் கண்டுபிடிப்போம். அதிலும் பாதி தப்பும்.

அவளுக்கு இருபத்தேழு வயதான வருடம்தான் அந்த நாய்க்குட்டி வந்தது.

எங்களோடு சேர்ந்து கிடை போடுகிறவர் பரமப்பா. யமனப்பாவுக்குத் தாய்மாமன். மூன்று பெரிய நாய்கள் வைத்திருந்தார். அவற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வெயில் இறங்கும்வரை நிறுத்தமாட்டார். அவற்றில் பெட்டை நாய், குதிரைச் சேணங்களைக் குவித்து வைத்திருந்த இடத்துக்கு அடியில் குட்டி போட்டது. நான்கு குட்டிகள். மூன்று, கண் திறந்ததும் பால் குடித்தோமா, தூங்கினோமா என்று இருந்தன. நான்காவது, செம்பழுப்பு நிறத்தில் நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு இருந்தது. அது பிறந்த நாளிலிருந்தே கத்தியது. பால் கிடைத்தாலும் கத்தல், கிடைக்காவிட்டாலும் கத்தல். கால் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் கத்தல் குரைப்பாக மாறியது. தட்டான்பூச்சியைப் பார்த்துக் குரைத்தது. தன் நிழலைப் பார்த்துக் குரைத்தது. காற்றில் அசைந்த என் புடவை முந்தானையோடு அரை நாள் சண்டை போட்டது.

“இதை யாராவது எடுத்துட்டுப் போனா கூடவே ஒரு ஆட்டையும் கொடுக்கறேன்” என்றார் பரமப்பா.

ஹுலிகவ்வா போய் அதைத் தூக்கினாள். அது அவள் கையிலேயே குரைத்தது. விலாவைச் சுற்றி விரல்களைப் பதித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

“அண்ணி! இதுக்குள்ள மாவு மில்லு ஓடுது!”

“பாரு, பொருத்தமான ஆளாப் பார்த்துப் பிடிச்சிருக்கு” என்றார் பரமப்பா என்னிடம். “கேட்காத காதுக்கு ஓயாத வாய்.”

அவர் முகம் அவள் பக்கம்தான் இருந்தது. “உங்க வாய்க்கும் என் காதுதான் பொருத்தம் மாமா” என்றாள். நாங்கள் இருவரும் சிரித்தோம். பரமப்பா தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார்.

அதற்குப் பெயர் வைத்தது யமனப்பா. குடுகு. எங்கள் பேச்சில் இடி என்று அர்த்தம். கிண்டலாகத்தான் வைத்தார்.

அந்த இடியோடு குடித்தனம் நடத்திய மாதங்களை இப்போது நினைத்தாலும் எனக்குத் தலை வலிக்கிறது. விடிந்ததிலிருந்து குரைப்பு. தூரத்துச் சாலையில் பஸ் போனால் குரைப்பு. கவிழ்த்து வைத்த குடம் காலையில் இருந்த இடத்தில் மத்தியானம் இல்லை என்றால் குரைப்பு. நாங்கள் எல்லோரும் ஒரே வைத்தியம்தான் செய்தோம். கத்தினோம், கல் எறிந்தோம். அது இன்னும் இரண்டு மடங்கு குரைத்தது.

ஹுலிகவ்வா செய்தது வேறு. நாய்க்குட்டி எங்கே நின்று குரைத்தாலும், அவள் கண்ணில் பட்டுவிட்டால், செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போவாள். அதன் பக்கத்தில் குந்தி உட்காருவாள். ஒரு கையை அதன் விலாவில் வைத்துக்கொண்டு, அது பார்க்கிற திசையைப் பார்ப்பாள். அங்கே இருப்பது ஓணானாக இருக்கும், இல்லாவிட்டால் காய்ந்த சோளத்தட்டையாக இருக்கும். எதுவாக இருந்தாலும் குட்டியைக் கூட்டிக்கொண்டு அந்தப் பொருளிடமே போய், அதை மோந்து பார்க்க விடுவாள். பிறகு பிடரியில் கை வைத்துச் சொல்வாள்: “பார்த்துட்டேன். போதும்.”

அது நிறுத்திவிடும். அடுத்த நாள் அதே பொருளைப் பார்த்துக் குரைக்காது. ஆனால் உலகத்தில் பொருள்களுக்கா பஞ்சம்? ஒரு நாளைக்கு நாற்பது தடவை எழுந்து போவாள். ஒருதரம்கூட அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

ஒருநாள் நான் பொறுக்கமாட்டாமல் அடுப்பிலிருந்த விறகுக் கட்டையை அதன்மேல் எறிந்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

“அண்ணி, நீ கத்திக்கிட்டே எறியறியே, அது என்ன நினைக்கும் தெரியுமா?”

“என்ன நினைக்கும்? பயப்படும்.”

“பயப்படாது. நீயும் சேர்ந்து குலைக்கறேன்னு நினைச்சுக்கும். சரிதான், ஏதோ பெரிய ஆபத்து வந்திருக்கு, நீலவ்வாவே குலைக்கறாளேன்னு இன்னும் சத்தம் போடும்.”

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அதற்குப் பிறகு நான் கத்த வாய் திறக்கும்போதெல்லாம் அந்த வார்த்தை வந்து குறுக்கே நின்றது.

அப்போது நாங்கள் வீரனகௌடர் வயலில் கிடை போட்டிருந்தோம். கௌடர் தினமும் காலையில் கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு வயலைப் பார்க்க வருவார். முதல் நாளே குடுகு வழிமறித்தது. நான்கு மாதக் குட்டி, முழங்கால் உயரம்கூட இல்லை. ஆட்டுக்குட்டிகள் இருந்த வலைக்கும் அவருக்கும் நடுவில் போய், முன்கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு நின்றது. அவர் இடது பக்கம் நகர்ந்தால் அதுவும் இடது பக்கம், வலது பக்கம் நகர்ந்தால் அதுவும் வலது பக்கம். கடிக்கவில்லை, அவர்மேல் பாயவுமில்லை. ஆனால் வலைப் பக்கம் ஓர் அடி விடவில்லை.

“என்னம்மா இது? என் வயல்ல என்னையே விடமாட்டேங்குது?” என்றார் கௌடர்.

நான் கல்லைத் தேடினேன். ஹுலிகவ்வா ஓடி வந்தாள். குட்டியைப் பார்த்தாள், அது பார்க்கிற உயரத்தைப் பார்த்தாள்.

“குடையை மடக்குங்க கௌடரே! உங்களைப் பிடிக்காம இல்ல. உங்க தலைமேல உட்கார்ந்திருக்கே, அதைத்தான் பிடிக்கல!”

அவர் சிரித்துக்கொண்டே மடக்கினார். குடுகு உடனே குரலைத் தாழ்த்தியது. அவள் குடையை வாங்கித் தரையில் வைத்து மோந்து பார்க்க விட்டாள். விரித்துக் காட்டினாள், மடக்கிக் காட்டினாள். “பார்த்துட்டேன். போதும்.” மறுநாள் கௌடர் குடையோடு வந்தபோது அது வாலை ஆட்டிக்கொண்டு கூடவே நடந்தது. அன்றைக்கு அவர் என் கணவரிடம் சொன்னார்: “யமனப்பா, அந்த நாய்க்குட்டி எங்கே நின்னுச்சுன்னு கவனிச்சியா? யாரும் சொல்லிக் கொடுக்கல. ஆட்டுக்குட்டிக்கும் எனக்கும் நடுவுல வந்து நின்னுச்சு பாரு.” யமனப்பா சும்மா தலையாட்டினார். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை.

பட்டிருந்தால் அடுத்த மாதம் அந்தத் தகராறு வந்திருக்காது. ஐந்து மாதத்தில் குடுகுக்குப் பல் விழுந்து முளைத்தது. கால் நீண்டது, குரல் உடைந்து கரகரத்தது. கூடவே ஒரு கெட்ட பழக்கமும் வந்தது. ஆட்டுக்குட்டிகளைத் துரத்த ஆரம்பித்தது. ஒருநாள் ஒரு குட்டியின் காதைப் பிடித்து இழுத்ததில் காது கிழிந்து ரத்தம் வந்தது.

யமனப்பா கயிற்றை எடுத்துவிட்டார். “வழியில வர்ற ஊர்ல விட்டுடலாம். ரத்த ருசி கண்ட நாய் கிடைக்கு ஆகாது.”

ஹுலிகவ்வா கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். “ருசி பார்க்கல அண்ணா. விளையாடுது. வாலைப் பாரு, பின்புறத்தைத் தூக்கிட்டுக் கூப்பிடறதைப் பாரு. கூடப் பிறந்ததுங்களோட விளையாட வேண்டிய வயசுல ஆட்டுக்குட்டியோட இருக்கு. அதுக்கு ஆட்டுக்குட்டிதான் தம்பி.”

“தம்பி காதைத் தின்னுமா?”

“நீ என் காதைக் கடிச்சதில்லையா சின்ன வயசுல?”

அண்ணன் கயிற்றைத் தளர்த்தினார். “ஒரு மாசம்” என்றார். “இன்னொரு குட்டிக்கு ரத்தம் வந்துச்சுன்னா நான் கேட்க மாட்டேன்.”

அன்றே அவள் ஒரு முழ நீளக் கட்டையை நாயின் கழுத்தில் குறுக்காகத் தொங்கவிட்டாள். நடந்தால் ஒன்றும் செய்யாது. ஓடினால் முழங்காலில் அடிக்கும். அதோடு, அதைச் சின்னக் குட்டிகளிடமிருந்து பிரித்து, புதிதாக ஈன்ற தாய் ஆடுகளிடம் கொண்டுபோய் விட்டாள். முதல் நாளே ஒரு கிழட்டு ஆடு முட்டியதில் குடுகு இரண்டு சுற்று உருண்டது. எழுந்து ஹுலிகவ்வாவைப் பார்த்து முறையிட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் வேறொரு ஆடு முட்டியது. அதற்கப்புறம் ஆடுகளின் பக்கம் போகும்போது தலையைத் தாழ்த்தி, மண்ணை மோந்துகொண்டு, பக்கவாட்டில் போகப் பழகியது. மாதம் முடியும்போது ஈன்று ஒரு மணி நேரம் ஆகாத குட்டியைத் தாய் ஆடு நக்க, மறுபக்கம் குடுகு படுத்துக் காவல் இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஹுலிகவ்வா கட்டையைக் கழற்றிவிட்டாள்.

இன்னொன்றையும் அந்த நாட்களில்தான் கவனித்தேன். அவளுடைய முதுகுக்குப் பின்னால் நின்று குரைத்தால் அவள் திரும்புவதில்லை என்பது நாய்க்கு எப்படியோ புரிந்துவிட்டது. மற்ற நாய்கள் ஆபத்தைப் பார்த்து நின்ற இடத்தில் குரைக்கும். குடுகு ஓடி வரும். அவளைச் சுற்றி முன்பக்கம் வந்து, அவள் முகத்தை நேராகப் பார்க்கும். பிறகு திரும்பி அந்தத் திசையைப் பார்த்துக் குரைக்கும். மறுபடி அவள் முகம், மறுபடி திசை. இதை யாரும் பழக்கவில்லை. அவளுக்குப் புருஷனாக வந்தவனுக்கு எட்டு மாதத்தில் புரியாதது இதற்கு ஆறாவது மாதத்தில் புரிந்துவிட்டது என்று நான் யமனப்பாவிடம் சொன்னேன். “நாயையும் மனுஷனையும் ஒண்ணா வெச்சுப் பேசாதே” என்றார். ஆனால் அன்றைக்குச் சாப்பிடும்போது தன் ரொட்டியில் ஒரு துண்டை அதன் பக்கம் எறிந்தார்.

குடுகுக்கு எட்டு மாதம் முடிந்த சமயம். ஒரு வயலிலிருந்து கிடையைக் கிளப்பி அடுத்த ஊருக்குப் போகிற நாள். வெயில் ஏறி ஒரு நாழிகை இருக்கும். வலையைப் பிடுங்கிச் சுருட்டியாகிவிட்டது. ஆண்கள் இருவரும் மந்தையை ஓட்டிக்கொண்டு ஒரு கூப்பிடு தூரம் முன்னால் போயிருந்தார்கள். பரமப்பாவின் மூன்று நாய்களும் அவர்களோடு. நானும் ஹுலிகவ்வாவும் குதிரைகளில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஆட்டுக்குட்டிகள் வலையில்லாமல் வெட்டவெளியில், எங்களுக்கு இருபது அடி தள்ளிக் கூட்டமாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு வறண்ட வாய்க்கால், எருக்கஞ்செடி மண்டிக் கிடந்தது.

திடீரென்று மந்தைக்கு அந்தப் பக்கம் கூச்சல். நிமிர்ந்து பார்த்தேன். மேட்டின்மேல் ஓர் ஓநாய் நின்றுகொண்டிருந்தது, தன்னை எல்லோரும் பார்க்கட்டும் என்பதுபோல். மூன்று நாய்களும் பாய்ந்தன. ஓநாய் அவசரமில்லாமல் திரும்பி ஓட ஆரம்பித்தது. “விடாதே! விடாதே!” என்று பரமப்பாவும் யமனப்பாவும் கோலைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். ரொட்டிக்கல்லைக் கையில் பிடித்தபடி நானும் அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை சத்தம் ஒரு பக்கம் இருக்கும்போது கண் வேறு எங்கே போகும்?

குடுகு எனக்குப் பின்னால், எதிர்த்திசையில் குரைத்தது.

“அடேய், அந்தப் பக்கம் இல்லடா!” என்று கத்தினேன். “ஓநாய் இங்கே இருக்கு, அது வாய்க்காலைப் பார்த்துக் குலைக்குது, முட்டாள் நாய்!” பழைய புத்தி, குனிந்து ஒரு மண்கட்டியைக்கூட எடுத்துவிட்டேன்.

ஹுலிகவ்வா குதிரையின் வயிற்றுக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். மேட்டுச் சத்தம் எதுவும் அவளைத் தொடவில்லை. குடுகு ஓடி வந்து குதிரையின் காலுக்கடியில் புகுந்து அவள் முன்னால் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தது. வாய்க்காலைப் பார்த்துக் குரைத்தது. அவள் கையை அதன் முதுகில் வைத்தாள். பிடரியிலிருந்து வால் நுனிவரை ரோமம் சீப்பால் தூக்கிவிட்டதுபோல் நின்றது. அதற்குமுன் ஒருநாளும் அப்படி நின்றதில்லை என்று பிறகு சொன்னாள். மாவு மில்லு ஓடவில்லையாம். அதைவிட அடியிலிருந்து, பாறை உருள்கிற மாதிரி வேறெதுவோ வந்ததாம்.

கயிற்றை அப்படியே விட்டுவிட்டுக் கோலை எடுத்தாள். தோளில் கிடந்த கம்பளியை இடது கையில் சுற்றிக்கொண்டாள். நாய் முன்னால், அவள் பின்னால்.

அப்போதுதான் எருக்கஞ்செடிக்கு நடுவில் அவற்றைப் பார்த்தேன். இரண்டு ஓநாய்கள், வயிறு தரையில் உரச. ஒன்று ஏற்கெனவே மேலேறி ஓரத்தில் நின்ற ஒரு குட்டியின் பின்தொடையைக் கவ்விவிட்டது.

குடுகு அதன்மேல் பாயும் என்று நினைத்தேன். பாயவில்லை. மற்றக் குட்டிகளுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் போய், கௌடரை மறித்த அதே நிலையில் கால்களை அகட்டி நின்றுகொண்டது. இரண்டாவது ஓநாய் எந்தப் பக்கம் நகர்ந்ததோ அந்தப் பக்கம் நகர்ந்தது. குடுகு ஓநாயின் எடையில் பாதிகூட இருக்காது. ஓநாய் முன்னால் வந்து ஒரு கடி கடித்தது. குடுகின் இடது காது தொங்கியது. நாய் பின்வாங்கவில்லை, துரத்தவும் இல்லை.

ஹுலிகவ்வா முதல் ஓநாயை நேராகப் போய்ப் பிடித்தாள். பிடித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கம்பளியை அதன் தலைமேல் வீசிப் போட்டு, கோலால் முதுகில் ஓர் அடி வைத்தாள். அடித்துக்கொண்டே கத்தினாள். தன் குரலின் அளவு தெரியாதவள் முழு மூச்சையும் போட்டுக் கத்தினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன். குதிரைகள் கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்தன. நானும் அப்போதுதான் ரொட்டிக்கல்லைக் கரண்டியால் அடித்துக்கொண்டு ஓடினேன். ஓநாய் குட்டியை விட்டது. கம்பளியைத் தலையோடு கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டுபோய் உதறிவிட்டு வாய்க்காலுக்குள் குதித்தது. இரண்டாவதும் அதன் பின்னால் மறைந்தது.

குடுகு அப்போதும் அவற்றின் பின்னால் போகவில்லை. எருக்கஞ்செடி அசைவது நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு திரும்பிக் குட்டிகளைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது. ஹுலிகவ்வா மண்டியிட்டு அதன் பிடரியில் கை வைத்தாள்.

“பார்த்துட்டேன்டா” என்றாள். “பார்த்துட்டேன்.”

கொஞ்ச நேரத்தில் ஆண்கள் திரும்பினார்கள். மூன்று நாய்களும் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தன. பரமப்பா தூரத்திலிருந்தே, “ஓட ஓட விரட்டிட்டோம்! இனிமே இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காது!” என்றார். பிறகு கிழிந்த கம்பளியைப் பார்த்தார், குட்டியின் தொடையில் மஞ்சள் அப்பிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

“நீங்க விரட்டினது வேடிக்கை காட்ட வந்தது மாமா” என்றாள் ஹுலிகவ்வா. “வேலை பார்க்க வந்தது ரெண்டும் இங்கே இருந்துச்சு.”

நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல யமனப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் நாயைத் திட்டியதையும் மண்கட்டி எடுத்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் குடுகின் காதைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஹுலிகவ்வா ஊசியில் கம்பளி நூல் கோத்து ஐந்து தையல் போட்டாள். குரைத்தே பிறந்த அந்த நாய், தையல் போடும்போது மூச்சுக் காட்டவில்லை.

பரமப்பாவுக்கு மட்டும் ஆறவில்லை. குகையைத் தேடிப் போய்ப் புகை போட்டு அடைத்துவிட வேண்டும் என்று இரண்டு நாள் துடித்தார். ஹுலிகவ்வாதான் தடுத்தாள். “அதுக்கும் வீட்டுல குட்டி இருக்கும் மாமா. அது தன் வேலையைத் திருட்டுத்தனமா, ஆனா திருத்தமாச் செஞ்சுச்சு. நம்ம வேலையைத்தான் நாம செய்யல. எல்லோரும் ஒரே பக்கம் ஓடினோம்.” பரமப்பா முணுமுணுத்தார். ஆனால் போகவில்லை.

புது ஊரில் கிடை போட்ட மறுநாள் காலை, யமனப்பா ஒரு சட்டியில் காவி கரைத்தார். எங்கள் ஆடுகளுக்கு இடுப்பில் கோடு போட்டிருக்கும். பரமப்பாவின் ஆடுகளுக்கு முதுகில் வட்டம். தங்கையைக் கூப்பிட்டு, முகத்துக்கு நேராக நின்று கேட்டார்.

“உன் ஆட்டுக்கு எங்கே குறி போடணும்?”

அவளுக்கு உதடு புரிந்தும் அர்த்தம் பிடிபடவில்லை. “எந்த ஆட்டுக்கு?”

“அப்பா கொடுத்த முப்பதுக்கு. அது போட்ட குட்டியெல்லாம் சேர்த்து நாற்பத்தி நாலு. நாளையிலிருந்து நீ தனியா மேய்ச்சுக்கோ. நாயைக் கூட்டிட்டுப் போ.”

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அவள் சட்டியை வாங்கிக் காவி சரியாகக் கரைந்திருக்கிறதா என்று விரலால் கலக்கிப் பார்த்தாள்.

“நெத்தியில போடு அண்ணா. எனக்கு முகத்தைப் பார்த்தாத்தானே ஆகும்?”

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. நாற்பத்தி நாலு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. நடுவில் ஒரு மழைக்காலத்தில் நோவு வந்து ஒன்பது செத்தன. ஒன்பதுக்கும் அவளே குழி வெட்டினாள். அப்புறம் மறுபடி எழுந்து நடந்தாள். குடுகு வளர்ந்து, மார்பு அகன்று, நாங்கள் வைத்த பெயருக்குப் பொருந்தாத நாயாகிவிட்டது. நாள் கணக்கில் சத்தமே இருக்காது. மந்தையின் ஓரத்தில் மேடான இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும். தையல் போட்ட காது மட்டும் பாதி மடங்கியிருக்கும். அது குரைத்தால் அக்கம்பக்கத்தில் இருக்கிற மூன்று கிடைக்காரர்களும் எழுந்துவிடுகிறார்கள். பரமப்பாதான் முதலில் எழுகிறவர். “சும்மா குலைக்காது அது, என் பெட்டை போட்ட குட்டி” என்று புது ஆட்களிடம் சொல்லிக்கொள்கிறார். அதோடு ஓர் ஆட்டையும் சேர்த்துக் கொடுப்பதாகச் சொன்னவர் அவர்தான் என்று ஹுலிகவ்வா எங்கிருந்தாலும் சத்தமாக நினைவுபடுத்துவாள்.

போன வாரம் காலையில் அவள் மந்தையோடு கிளம்பினாள். புழுதி அடங்கிய பிறகுதான் பார்த்தேன். அவளுடைய ரொட்டி மூட்டை அடுப்புப் பக்கத்திலேயே கிடந்தது. யோசிக்காமல், “ஹுலிகீ!” என்று கத்திவிட்டேன். இத்தனை வருடம் பழகியும் எனக்கு அந்த மறதி போகவில்லை. அவள் நடந்துகொண்டே இருந்தாள். மந்தையின் ஓரத்தில் போய்க்கொண்டிருந்த குடுகு நின்று திரும்பி என்னைப் பார்த்தது. ஓடிப்போய் அவள் முன்னால் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தது, என் பக்கம் பார்த்தது. குரைக்கவில்லை. அவள் திரும்பினாள்.

“என்ன அண்ணி?”

நான் மூட்டையைத் தூக்கிக் காட்டினேன். திரும்பி நடந்து வந்து வாங்கிக்கொண்டாள். அங்கேயே அவிழ்த்து, ஒரு ரொட்டியைப் பாதியாகக் கிள்ளி நாய்க்குப் போட்டாள். மீதியைத் தான் மென்றுகொண்டே மந்தையைப் பிடிக்க ஓடினாள்.